உங்களுக்குத் தெரியுமா? வன்னியின் குட்டிப் பள்ளிக்கூடங்களில் நடந்ததும் நடக்கப்போவதும்

கிட்டத்தட்டப் பத்து வருடம் வன்னிப் பள்ளிக்கூடங்களில் ஒரு நேரம், கொழும்புப் பள்ளிக்கூடங்களில் இன்னொரு நேரம்! நம்ப முடிகிறதா? 1996 மே மாதம் கொழும்பு தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைப் பின்னே இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அசையவே இல்லை. கொழும்பில் எட்டு மணி என்றால் கிளிநொச்சியில் ஏழரை. வவுனியா நகரத்தில் ஒரு நேரம், ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டினால் வேறு நேரம்!

கடைசியில் யார் மாறினார்கள் தெரியுமா? கொழும்புதான்! 2006 ஏப்ரல் 15ஆம் திகதி நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பியது. வன்னிப் பிள்ளைகள் மணிக்கூட்டு முள்ளைத் தொடவே இல்லை!

இன்னொன்று கேளுங்கள். அந்தக் காலம் முழுக்க வன்னி ஆசிரியர்களின் சம்பளம் கொழும்பு அரசாங்கத்திடமிருந்துதான் வந்தது. பாடத்திட்டமும் அரசாங்கத்தினுடையது, பரீட்சையும் அரசாங்கத்தினுடையது. இடையில் போர்முனை!

சரி, இன்றைய கதைக்கு வருவோம். ஜனவரி பிறந்தால் பள்ளிக்கூடங்களில் முதல் விழா எது? கால்கோள் விழா! தரம் 1க்கு வரும் பிள்ளைகளுக்கு மாலை போட்டு அழைத்து வருபவர்கள் அதிபரோ ஆசிரியரோ அல்ல, தரம் 2 பிள்ளைகள். போன மாதம் வரை பள்ளிக்கூடத்தின் கடைக்குட்டிகளாக இருந்தவர்கள் ஒரே நாளில் அண்ணாவும் அக்காவும் ஆகிவிடுகிறார்கள்! தரம் 1க்கு நாலே நாலு பிள்ளைகள் வந்தாலும் விழாவில் ஒரு துளி குறையாது. வாசலில் நிறைகுடம், தலையில் கடதாசிக் கிரீடம், மேசையில் பூச்சாடி, பிரதம விருந்தினர் உரை எல்லாம் உண்டு. நாலு பிள்ளைக்கு நாற்பது கதிரை!

தரம் 1இல் சேர ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்தீர்களா? ஒரே ஒரு நாளால் ஒரு வருடம் பொறுத்திருக்க வேண்டியதுதான்!

பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையை எப்போதாவது நின்று வாசித்திருக்கிறீர்களா? 'கிளி/' என்று தொடங்கினால் கிளிநொச்சி. 'மு/' என்றால் முல்லைத்தீவு. 'வ/' என்றால் வவுனியா. கடைசியில் 'அ.த.க. பாடசாலை' என்று இருக்கும்: அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. ஆனால் சில பலகைகளில் 'றோ.க.த.க. பாடசாலை' என்று இருக்கிறதே, கவனித்தீர்களா? றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை! சம்பளம் கொடுப்பது அரசாங்கம். பெயரில் இருப்பது திருச்சபை. உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற சட்டங்கள் 1960, 1961ஆம் ஆண்டுகளுக்குரியவை. அறுபது வருடத்துக்கு மேலாகியும் பெயர் மாறவில்லை!

கிளிநொச்சி மாவட்டத்தைவிட வயதில் மூத்த பள்ளிக்கூடங்கள் அதே கிளிநொச்சியில் எத்தனையோ உண்டு! எப்படி? 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர் அது. மாவட்டமானதோ 1984 பெப்ரவரியில்தான். நாட்டின் 25ஆவது மாவட்டம், இன்றுவரை கடைசி மாவட்டமும் அதுதான்!

நாட்டிலேயே சனத்தொகை மிகக் குறைந்த மாவட்டம் எது? முல்லைத்தீவு! மிகக் கூடியது கம்பஹா. 2024 கணக்கெடுப்பின்படி கம்பஹாவில் முல்லைத்தீவைப் போல ஏறத்தாழ 20 மடங்கு சனம். ஆனால் நிலத்தை அளந்து பாருங்கள். முல்லைத்தீவுதான் பெரியது, அதுவும் கிட்டத்தட்ட இரு மடங்கு! இங்கே பள்ளிக்கூடம் ஏன் சின்னது, நடை ஏன் நீளம் என்று இனிமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

முதலாம் தவணை என்றாலே இல்ல விளையாட்டுப் போட்டி. ஆரம்பப் பிரிவில் நூறு மீற்றர், இருநூறு மீற்றர் எல்லாம் யாருக்கு வேண்டும்? தேசிக்காயும் கரண்டியும், சாக்கோட்டம், பழம் பொறுக்குதல், தாரா நடை, தொப்பி மாற்றுதல், போத்தலில் தண்ணீர் நிரப்புதல்! மைதான ஓரத்தில் தென்னோலையும் பனையோலையும் கட்டி இல்ல அலங்காரம். அதற்கும் பரிசு உண்டு. கடைசியில் வரும் பெற்றோர் ஓட்டத்தைத் தவறவிடாதீர்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாமார் ஓடும் ஓட்டத்துக்குத்தான் அன்றைய தினத்தின் மிகப் பெரிய கைதட்டல்!

கிராமப் பள்ளிக்கூடத்தில் மணி என்றால் பல இடங்களில் தண்டவாளத் துண்டுதான். அந்தத் தண்டவாளத்தில் ஓடவேண்டிய ரயில்? 1990இல் நின்றது. கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது 2013 செப்டெம்பரில். 23 வருடம்! ரயிலைப் பார்க்காத பிள்ளைகள் இருந்தார்கள் என்பது பெரிய விசயமே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு 'ரயில்' என்று படம் காட்டிப் படிப்பித்த இளம் ரீச்சர்மாரும் ஊரில் ஒரு ரயிலைக் கண்டிருக்க வழியில்லை!

இப்போது ஒரு மந்திர எண். 200!

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஆட்கள் வருவார்கள் அல்லவா? பெரிய பள்ளிக்கூடம் என்றால் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு மட்டும்தான் பரிசோதனை. மாணவர் தொகை 200க்குக் குறைந்த பள்ளிக்கூடமா? எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை! கண், பல், காது, உயரம், நிறை எதுவும் விடுபடாது. கொழும்பில் பல்லாயிரம் பேர் படிக்கும் கல்லூரியின் தரம் 3 பிள்ளைக்குக் கிடைக்காதது நெடுங்கேணிக் காட்டோரத்துத் தரம் 3 பிள்ளைக்குக் கிடைக்கிறது!

கொரோனாவால் 2021இல் மூடிய பள்ளிக்கூடங்களில் எவை முதலில் திறந்தன என்று நினைவிருக்கிறதா? அங்கேயும் அதே 200! மாணவர் தொகை 200க்குக் குறைந்த பள்ளிக்கூடங்களின் ஆரம்பப் பிரிவுகளுக்குத்தான் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி முதல் அனுமதி கிடைத்தது. பெரிய பெரிய கல்லூரிகள் எல்லாம் வரிசையில் பின்னால்!

2022 எரிபொருள் நெருக்கடியிலும் இதே கூத்துத்தான். ஜூன் மாதம் கொழும்பிலும் பெரிய நகரங்களிலும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். போக்குவரத்துச் சிக்கல் இல்லாத கிராமப் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் நடத்த அனுமதி. பெற்றோல் இல்லாமல் ஓடிய பள்ளிக்கூடங்கள்!

மாணவர் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் அடுத்த முறை கட்டாயம் போங்கள், கையில் சில்லறையோடு! வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததெல்லாம் அன்றைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கும். பயற்றங்காய்க் கட்டு, வெண்டிக்காய், முருங்கைக்காய், மரவள்ளிக் கிழங்கு, தேசிக்காய், சட்டியில் தயிர், போத்தலில் காட்டுத்தேன். பருவம் சரியாக அமைந்தால் பாலைப்பழமும் வரும். அதைத் தின்றவர்களின் உதடு ஒட்டிக்கொண்டு சத்தமே வராது, வகுப்பு முழுக்க அமைதி! விற்பவர்களுக்கு வயது ஆறு, ஏழு. வாங்குபவர்கள் அதிபர், பெற்றோர், வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வரும் அதிகாரிகள். எழுபது ரூபாய்க் கீரைக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டிப் பாருங்கள். "கொஞ்சம் பொறுங்கோ சேர், கணக்குப் பாக்கிறன்" என்று பத்து விரலையும் விரிப்பார் கடைக்காரர். பேரம் பேசிப் பார்த்தீர்களோ, தொலைந்தீர்கள். "குறைக்க ஏலாது சேர், அம்மா ஏசுவா!"

இது விளையாட்டு என்று நினைத்தீர்களா? பாடம்! கூட்டல், கழித்தல், நிறுத்தல், பணம், பேச்சுமொழி, சுற்றாடல் என்று அரை நாளில் ஒரு தவணைப் பாடம் முடிந்துவிடும். வாங்கிய கத்தரிக்காய் அன்றே குழம்பாகிவிடும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு!

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை ஒரே ஆண்டில் இரண்டு தடவை நடந்தது தெரியுமா? 2022! பிந்திப்போன 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 ஜனவரி 22இல். 2022ஆம் ஆண்டுப் பரீட்சை அதே ஆண்டு டிசெம்பர் 18இல். பிறகு 2023இல் ஒக்டோபர், 2024இல் செப்டெம்பர், 2025இல் ஓகஸ்ட். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு மாதம்!

2024 வினாத்தாளின் கதை இன்னும் பெரியது. மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்துவிட்டன என்ற பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனது. முடிவு? அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி! வழக்கின் நாயகர்களுக்கு வயது பத்து!

புலமைப்பரிசிலுக்கு இரண்டு வினாத்தாள். முதலாவதில் 40 வினா, இரண்டாவதில் 60. மொத்தம் 100 வினா, 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். வென்ற பிள்ளைக்கு மாதாமாதம் கிடைத்த உதவித்தொகை 750 ரூபாய். 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 1,500 ஆக்கியது. ஒரே அடியில் இரட்டிப்பு!

பிள்ளைகள் போட்டுக்கொண்டு வரும் வெள்ளைச் சட்டைத் துணி எங்கிருந்து வந்தது? சீனாவிலிருந்து! 2025ஆம் ஆண்டுக்கான சீருடைத் துணி முழுவதும் சீனாவின் அன்பளிப்பு. நாடு முழுவதற்கும் 1 கோடியே 10 இலட்சம் மீற்றருக்கு மேல்! நேர்கோட்டில் விரித்துக்கொண்டே போனால் கிளிநொச்சியிலிருந்து பெய்ஜிங் போய்த் திரும்பி வந்த பிறகும் துணி மிஞ்சும்!

இலவசப் பாடப்புத்தகம் வந்தது 1980இல். இலவசச் சீருடை வந்தது 1993இல். புத்தகத்துக்கும் சட்டைக்கும் 13 வருட இடைவெளி!

பள்ளிக்கூட உணவுத் தட்டில் சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை. சமைப்பவர் பெரும்பாலும் ஊர்க்காரர், சில வேளை வரிசையில் நிற்கும் பிள்ளையின் சொந்த அம்மாவே! "எனக்கு ஒரு முட்டை கூட" என்று கேட்டால் அம்மாவிடமும் கிடைக்காது. உலகம் முழுவதும் இப்படிப் பள்ளிக்கூடத்தில் சாப்பிடும் பிள்ளைகள் எத்தனை பேர்? உலக உணவுத் திட்டத்தின் கணக்கில் 46 கோடியே 60 இலட்சம்!

தமிழ்நாட்டில் காலை உணவே பள்ளிக்கூடத்தில்தான். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி மதுரையில் தொடங்கினார்கள். அங்கே ரவை உப்புமா, பொங்கல், சாம்பார்!

ஒக்டோபர் 1 சிறுவர் தினம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே நாள் முதியோர் தினமும்கூட என்பது தெரியுமா? பேரப்பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் ஒரே மேடையில் விழா! பொறுங்கள், இன்னும் இருக்கிறது. இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த நாள் எது? 1945 ஒக்டோபர் 1! ஒரே திகதியில் மூன்று. காலண்டரே மூச்சு வாங்கும்!

அந்த இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. நாடே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1947இல் வந்த அடுத்த தேர்தலிலேயே மத்துகமையில் தோற்கடித்துவிட்டார்கள்!

உலகம் ஆசிரியர் தினத்தைக் கொண்டாடுவது ஒக்டோபர் 5இல். நாங்கள்? ஒக்டோபர் 6இல்! ஒரு நாள் பிந்தினாலும் பூங்கொத்து வாடுவதில்லை. அன்றைக்கு மட்டும் பிள்ளைகள் ரீச்சராகி வகுப்பெடுப்பார்கள், ரீச்சர் வாங்கில் உட்கார்ந்து கையைத் தூக்குவார். பிரம்பு யார் கையில் என்று கேட்காதீர்கள்!

வவுனியா மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வேறு வேறு தவணை அட்டவணை! ரமழான் மாதம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. அதனால் அவர்களின் தவணைகள் தொடங்கும் நாளும் முடியும் நாளும் வேறு. ஒரே வீதி. இந்தப் பிள்ளைக்கு லீவு, அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை!

வாணி விழாவுக்குக் கடலை அவிக்காத பள்ளிக்கூடம் உண்டா? விஜயதசமியில் பச்சரிசித் தட்டில் ஏடு தொடக்குவார்கள். இன்னும் பள்ளிக்கூடமே சேராத மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகள்கூட அன்றைக்கு வகுப்பறையில் இருப்பார்கள். இப்படித் தொடங்கிய பிள்ளைகளுக்கு வகுப்பு வகுப்பாகப் பாலபாடம் எழுதித் தந்தவர் ஆறுமுக நாவலர். 1848இலேயே வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கியவர். அவர் பிறந்ததோ 1822இல். பள்ளிக்கூடம் தொடங்கும்போது வயது 26ஐத் தாண்டவில்லை!

தமிழ் மொழித் தினப் போட்டியில் ஒரு பாவோதல் எத்தனை படி ஏற வேண்டும் தெரியுமா? பாடசாலை, கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம். ஆறு மேடை! ஒரே பாட்டை ஆறு இடத்தில் பாடி முடிக்கும்போது பிள்ளைக்கு மட்டுமல்ல, கூட்டிக்கொண்டு போன அப்பாவுக்கும் பாட்டு மனப்பாடம்!

வன்னி மன்னன் பண்டாரவன்னியன் நாடகம் போடாத வன்னிப் பள்ளிக்கூடம் அரிது. கடதாசி மட்டையில் வாள், வெள்ளிக் கடதாசியில் கேடயம், கரியால் மீசை. 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பீரங்கியைக் கைப்பற்றிய காட்சிக்குத்தான் விசில் பறக்கும். ஆனால் கற்சிலைமடுவில் இருந்த நினைவுக்கல்லை நாட்டியவர்கள் யார்? ஆங்கிலேயர்! 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி தாங்கள் வென்றதைச் சொல்ல அவர்கள் நாட்டிய கல் அது. வென்றவன் நாட்டிய கல்லுக்கு ஊரார் போட்ட மாலையெல்லாம் தோற்றவனுக்கு!

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வருவார்கள். அந்த உப்புத் தண்ணீரில் எண்ணெய் இல்லாமலே விளக்கு எரியும் என்பது ஊரார் நம்பிக்கை! விடிய விடியப் பொங்கல் பார்த்த பிள்ளைகளுக்கு அடுத்த வாரக் கட்டுரைத் தலைப்பை ரீச்சர் யோசிக்கவே தேவையில்லை.

தேசிய கீதம் தமிழில் உண்டு, அதை மொழிபெயர்த்தவர் புலவர் மு. நல்லதம்பி. பள்ளிக்கூட விழாவில் குட்டிப் பிள்ளைகள் பாடும் அந்தத் தமிழ்க் கீதம் 1949க்குப் பிறகு நாட்டின் சுதந்திர தின விழா மேடையில் எப்போது ஒலித்தது? 2016 பெப்ரவரி 4! 67 வருடம்!

அகரம் எழுதத் தெரியுமுன்பே வன்னிப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொண்ட ஒரு படம் உண்டு. சிவப்புப் பலகையில் மண்டையோடு! மிதிவெடி அபாயக் கல்வி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடந்தது. தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசெம்பர் 13இல். முழு நாட்டையும் மிதிவெடியற்றதாக்க வைத்திருக்கும் இலக்கு 2028!

போர் முடிந்த 2009இல் பிறந்த பெரும்பாலான பிள்ளைகள் 2019இல் புலமைப்பரிசில் எழுதினார்கள். இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாம் கொட்டிலில் தரம் 5 படித்த பிள்ளைகளோ 2025இல் 26 வயதுக்காரர்கள். பூந்தோட்டத்தில் இருக்கும் வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி ஆசிரியராக மூன்று வருடம் போதும். கணக்குச் சரியாக வருகிறதா? அன்று கொட்டிலில் தரையில் உட்கார்ந்து படித்த வயதுக்காரர்களுக்கு இன்று தரம் 1 வகுப்பில் நின்று படிப்பிக்கும் வயது!

டிசெம்பரில் ஒளிவிழா. சைவப் பிள்ளை தேவதூதன், கத்தோலிக்கப் பிள்ளை இடையன், செம்மறி ஆட்டுக்குப் பஞ்சு ஒட்டுவது பெற்றோர் பொறுப்பு. பிள்ளைத் தொகை குறைந்த பள்ளிக்கூடத்தில் ஒருவரே முதற் காட்சியில் ஆடு, அடுத்த காட்சியில் அரசர்!

வவுனியா வளாகம் வவுனியா பல்கலைக்கழகம் ஆனது எப்போது? 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி, நாட்டின் 17ஆவது அரச பல்கலைக்கழகமாக. 2027 ஜனவரியில் தரம் 1க்கு வரப்போகும் பிள்ளைகள் பிறந்தது எப்போது? 2021 பெப்ரவரிக்கும் 2022 ஜனவரிக்கும் இடையில். கால்கோள் விழாவுக்கு மாலையோடு வரப்போகும் அந்தக் குட்டிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே வயது!